ஒரு கல்லுக்கு ஓர் அரசன்

அருங்காட்சியகத்தின் எகிப்துக் கூடத்தில் உட்கார ஏழு வாங்குகள் உண்டு. மூன்றாவதில் ஓர் அம்மா இருந்தார். நரைத்த தலை, தடித்த குளிர்ச்சட்டை, கையில் செபமாலை. எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் வண்டு வடிவில் ஒரு கல் முத்திரை, பெருவிரல் நகமளவு. அதில் பெயர் வெட்டப்பட்டிருந்த அரசனுக்கு வேறு தடயமே இல்லை; கல்லறைகூட அகப்படவில்லையாம். என் மூச்சுப் பட்டு மங்கிய கண்ணாடியை அவர் எழுந்து வந்து கைலேஞ்சியால் துடைத்தார்.

"உந்த ஒரு கல்லை வைச்சு ராசா எண்டு நம்பச் சொல்லுகினம்," என்று முணுமுணுத்தேன்.

"நம்பியிட்டினம்தானே அண்ணை," என்றார். "என்ர மகன்ர படம் குடுத்தன். அடையாள அட்டை குடுத்தன். ஆமி ஏத்திக்கொண்டு போனதைக் கண்ட மூண்டு பேரைக் கொண்டுபோய் நிப்பாட்டினன். அப்பிடி ஒருத்தரைப் பிடிக்கவே இல்லை எண்டிட்டினம்."

அது நவம்பர் மாதம்; ஆத்துமாக்கள் பூசையில் வாசிக்க மகனின் பெயரைக் கொடுத்தீர்களா என்று கேட்டுவிட்டேன்.

"அது செத்தவையின்ர பேரல்லோ," என்றார். கைலேஞ்சியை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஸ்காபரோ வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் எண்ணிப் பார்த்தேன். அரசனுக்கு ஒரு சான்று, மகனுக்கு ஐந்து. இறங்குமுன் திரும்பவும் எண்ணினேன். ஐந்துதான்.