பத்தொன்பது நிமிடக் கைகுலுக்கல்

கதை விடுகிறான் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். இது நடந்தது. பேய்ப்படத்துக்குப் போனால் இடைவேளையோடு எழுந்து வந்துவிடும் வீரன் நான். இதையெல்லாம் கற்பனை செய்யத் தைரியம் கிடையாது.

ரோபோ ஆய்வகங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பைத்தியம். ஓர் ஊரில் நடக்கிற கால் மட்டும் செய்வார்கள். இன்னோர் ஊரில் கடலுக்கடியில் நீந்துகிற மீன். நாங்கள் கை. கடல் தாண்டி இருந்த ஓர் ஆய்வகத்துக்குத் தொடு உணர்வு. அங்கே ஓர் அக்கா ஒயர் வைத்த கையுறையை மாட்டி விரலை அசைத்தால், என் மேசைமேல் இருக்கும் இரும்புக் கை அப்படியே அசையும். கையுறை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தினமும் மாலை நான்கு மணிக்குச் சோதனை. முடிந்ததும் அந்த இரும்புக் கையோடு கைகுலுக்குவேன். எங்கள் வழக்கம் அது.

அன்று திரையில் அக்காவின் முகம் வேர்த்திருந்தது.

"இடது தோள் இழுக்குது தம்பி."

"புதுசா ஒண்ணு செஞ்சு அனுப்பிடறேன்க்கா."

"நீ செஞ்சதா? வேணாம்பா. டீ கிளாஸையே உடைக்குது."

சிரித்தார். இரும்புக் கை நீண்டது. பிடித்தேன்.

4.12. திரை இருண்டது. 'தொடர்பு இல்லை' என்று எழுத்து வந்தது. தொடர்பு போனால் விரல்கள் தளர வேண்டும். அப்படித்தான் செய்திருக்கிறோம்.

தளரவில்லை.

சிவப்புப் பொத்தானை அழுத்தி மின்சாரத்தை நிறுத்தினேன். மோட்டார் ஓய்ந்தது. பிடி... இறுகியது.

இடது கையால் அக்காவை அழைத்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. அந்த ஆய்வகத்துக் காவலாளியைப் பிடித்தேன்.

"அக்கா தனியா இருக்காங்க. உடம்பு சரியில்ல. ஓடுங்க."

"உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கு சார். தட்டறேன், பதிலே இல்ல."

"உடைங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். தம்... தம்... கதவில் இடிக்கும் சத்தம்.

4.19. இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. உடம்புச் சூடு.

4.24. அதன் உள்ளங்கையில் ஒரு துடிப்பு.

டக்... டக்...

"கொஞ்சம் பொறுத்துக்கக்கா. வந்துட்டாங்க."

இன்னொரு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

டக்......

டக்.

4.31. விரல்கள் திறந்தன.

ஒவ்வொன்றாக.

போனில் கதவு உடைந்தது.

மூன்று நாள் கழித்துக் காவலாளி பேசினார். அக்கா விழுந்தபோதே கையுறையின் ஒயர் பிடுங்கிக்கொண்டதாம். கையுறையைக் கழற்றியபோது வலது கை முழுக்கச் சிவப்பாக விரல் தடம் இருந்ததாம். இரண்டு கையாலும் யாரோ பொத்திப் பிடித்த மாதிரி.

"வேற வழியும் இல்ல, ஜன்னலும் இல்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள அவங்ககூட யாரு சார் இருந்தது?"