தவறான விடை எழுதுகிறவர்

சரியான விடையை எந்த மடையனும் எழுதிவிடலாம், தவறான விடை மூன்றை எழுதத்தான் ஆள் வேண்டும் என்பது கேள்விக்காரரின் கட்சி. தொலைக்காட்சி நிலையத்தின் மூன்றாவது மாடியில், குளிர்சாதன இயந்திரத்தின் முதுகைப் பார்த்தபடி ஒற்றை ஜன்னல் உள்ள அறையில், பதினொரு வருடமாக அவர் செய்துவந்தது அந்த வேலைதான். வினாடி வினா நிகழ்ச்சிக்கு வாரம் இருபது கேள்வி, கேள்விக்கு நான்கு விடை, அதில் மூன்று பொய். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் கேள்விக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்துக் கிடந்தது.

அவருக்கு யாரையும் பிடிக்காது என்று சொன்னால் அது பாதி உண்மை. யாரையும் அவர் மதிக்கவில்லை என்பதே முழு உண்மை. நிகழ்ச்சியை நடத்துகிறவரைப் பல்லழகர் என்பார். அட்டையில் இருப்பதைப் பார்த்து வாசித்துவிட்டு அத்தனையும் தன் மண்டையில் விளைந்தது மாதிரி முப்பத்திரண்டையும் காட்டுகிற மனிதர் அவர். போட்டியாளர்கள் ஆடுகள். ஒப்பனை அறைக்கு வெளியே, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு உட்கார்ந்து நாடுகளின் தலைநகரங்களை முணுமுணுத்துக்கொண்டிருக்கும் வரிசையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவருக்கு மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வரும். அடுத்த மேஜையில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலை பார்த்த பெண்ணுக்கும் ஒரு பட்டம் வைத்திருந்தார். தவறான விடைகள் உண்மையிலேயே தவறுதானா என்று ஒவ்வொன்றுக்கும் புத்தகம் புத்தகமாகத் தேடுகிற பிராணி என்பதால் அத்தாட்சி அம்மா.

விதி என்னவோ அதுதான். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மஞ்சள் அட்டை. சரியான விடைக்கு இரண்டு ஆதாரம், தவறான விடை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆதாரம், கீழே கையெழுத்து. கேள்விக்காரர் தவறான விடைகளுக்கு நேரே "சரிபார்க்கப்பட்டது" என்று வால் நீட்டி எழுதுவதோடு சரி. பொய்யைப் பொய் என்று நிரூபிக்கப் புத்தகம் புரட்டுவது அவருக்கு அவமானம்.

அவருடைய மூன்று பொய்களுக்கும் கணக்கு உண்டு. முதலாவது படித்தவனுக்கு. இரண்டாவது அரைகுறைக்கு. மூன்றாவது மச்சினனுக்கு.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. வீடு வீடாகப் போய்ப் பூச்சி மருந்து அடிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மதியம் தவறாமல் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவான். வாயில் சோறு இருக்கும்போதுதான் அவனுக்கு அறிவு சுரக்கும். மேகத்துக்கு எடையே கிடையாது என்பான். நிலாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது என்பான். கேள்விக்காரர் மேஜைக்குக் கீழே சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். உலகத்து மக்கள் எதையெல்லாம் தப்பாக நம்புவார்கள் என்று மூளையைக் கசக்க வேண்டியதில்லை, வாரா வாரம் அது தானே நடந்து வந்து தட்டு கேட்கிறது. கல்யாணமான இந்த ஆறு வருடத்தில் மேகத்திலும் நிலாவிலும் வழுக்கி விழுந்த ஆடுகள் ஏராளம்.

அப்படி ஒரு ஞாயிறு, மச்சினன் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டே சொன்னான். "அத்தான், சிலந்திக்கு ரத்தம் நீலம். தெரியுமா?"

"அப்படியா? பேனாவுல ஊத்தி எழுதிடலாமே."

"சிரிக்காதீங்க. நெஜமாத்தான் சொல்றேன்."

"சாப்பிடுற எடத்துல ரத்தம் கித்தம்னு என்னடா பேச்சு?" என்று மனைவி தம்பியை அதட்டினாள். கணவனின் கை மேஜைக்கடியில் போவதையும் பார்த்தாள்.

மறுநாள் அட்டை தயார். செம்பு இருப்பதால் நீல நிற இரத்தம் கொண்ட உயிரினம் எது? மண்புழு, வெட்டுக்கிளி, சிலந்தி, நத்தை. சரியான விடை நத்தை. நத்தைக்கு இரண்டு தடித்த புத்தகங்களின் பக்க எண். மற்ற மூன்றுக்கும் வால் நீட்டிய கையெழுத்து.

அந்த அட்டை பதினோராவது கேள்வியாக ஒரு பெண்மணியிடம் போய்ச் சேர்ந்தது. ஐம்பதை நெருங்கியவர். விரல் நுனிகளில் பசை காய்ந்து வெள்ளையாக உரிந்திருந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கேள்விக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூலகத்துல என்ன வேலை பாக்கறீங்க?" என்றார் பல்லழகர்.

"கிழிஞ்ச புத்தகத்த ஒட்டறேன் சார்."

"அடேயப்பா! அப்ப அத்தனையும் படிச்சிருப்பீங்க!"

"கிழிஞ்ச பக்கத்த மட்டுந்தான் படிப்பேன். வரிசை மாறிடாம ஒட்டணும்ல?"

பார்வையாளர்கள் சிரித்தார்கள். பல்லழகர் அவர்களைவிட அரை நிமிடம் கூடுதலாகச் சிரித்தார். பிறகு கேள்வி வந்தது. அந்த அம்மாள் யோசிக்கவே இல்லை. "சிலந்தி" என்றார். உறுதியா, நிச்சயமா, வீட்டில் யாரையாவது நினைத்துக்கொள்கிறீர்களா என்று பல்லழகர் சவ்வு மாதிரி இழுத்துப் பார்த்தார். உறுதிதான் என்றார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"விழுந்துச்சுடா!" என்று கேள்விக்காரர் தொடையைத் தட்டிக்கொண்டார்.

மேடையில் அந்த அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே சொன்னார். "நத்தைக்கும் நீலந்தான் சார். சிலந்திக்கும் நீலந்தான். நான் ஒட்டின பக்கத்துல இருக்கு." பல்லழகர் அவர் கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தைத் திணித்து, தோளைத் தொடாமல் தொட்டு, வாசல் பக்கம் திருப்பிவிட்டார். சொன்னதைப் படத்தொகுப்பில் வெட்டிவிட்டார்கள்.

கேள்விக்காரருக்கு அந்த மாதம் இதைவிடப் பெரிய யோசனை இருந்தது. தலைமைக் கேள்வியாளர் ஓய்வு பெறப் போகிறார். கதவு வைத்த அறை, கை வைத்த நாற்காலி, எல்லாவற்றுக்கும் மேலாக, மற்றவர்களின் அட்டையில் சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போடும் அதிகாரம். பதினொரு வருடமாக அந்தச் சிவப்புப் பேனாவுக்குத்தான் அவர் கை அரித்துக்கொண்டிருந்தது. அடுத்தது நீங்கள்தான் என்று தயாரிப்பாளர் அம்மா வாய் வார்த்தையாகச் சொல்லியும் இருந்தார். ஆனால் சுவரில் ஒட்டிய விதிகளில் ஒன்று இருந்தது. யாருடைய அட்டை பிழை என்று ஆகிறதோ, அவர் அந்த வருடம் அந்தப் பதவிக்கு வர முடியாது. போட்டியாளரையும் திரும்ப அழைக்க வேண்டும். கேள்விக்காரர் இல்லை என்றால் அடுத்த இடம் அத்தாட்சி அம்மாவுக்கு.

திங்கட்கிழமை ஒரு கடிதம் வந்தது. இரண்டே வரி. கூடவே ஒரு புத்தகப் பக்கத்தின் நகல், நடுவில் ஒட்டுத் தாளின் நிழல் கோடாக விழுந்திருந்தது. சிலந்திகளின் இரத்தம் பற்றிய பத்தியைப் பென்சிலால் அடையாளம் செய்திருந்தார்கள்.

தயாரிப்பாளர் அம்மா கடிதத்தை மேஜையில் தட்டினார். "ஞாயித்துக்கிழமை இது ஒளிபரப்பாகுது. வியாழக்கிழமைக்குள்ள சிலந்திக்கு நீலம் இல்லைன்னு ஏதாவது ஒரு பேப்பர் கொண்டாங்க."

"அட்டைய நான் சரிபார்த்துட்டேனே மேடம்."

"அதத்தான் கேக்கறேன். எதுல பாத்தீங்க?"

மேஜைக்கடியில் பார்த்தேன் என்று சொல்ல முடியுமா? இரண்டு நாள் நான்கு புத்தகம் புரட்டினார். ஒன்றில் சிலந்தியைப் பற்றிப் பேச்சே இல்லை. மூன்று அவர் மூக்கை உடைத்தன. செம்பு, நீலம், அச்சுப் பிசகாமல். இரவல் வாங்கிய பூதக்கண்ணாடியோடு அடிக்குறிப்புகளில்கூட மேய்ந்தார். எங்கேயாவது ஒரு விதிவிலக்கு, நுழைய ஒரு சந்து கிடைக்காதா? கடைசியில் புதன்கிழமை மதியம், ஆறு வருடத்தில் முதல் தடவையாக, மச்சினன் வேலை செய்யும் இடத்துக்குப் போனார். இந்த உளறலை அவன் எங்கே பொறுக்கினான் என்று தெரிந்தால், ஏதோ ஒரு சாதிச் சிலந்திக்கு மட்டும்தான் அப்படி என்றாவது வாதாடலாம்.

சுவரோரம் மருந்து டிரம்கள். ஆணிகளில் முகமூடிகள். கயிற்றில் ரப்பர் கையுறைகள் தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தன. மச்சினன் பதறிப்போய் ஒரு நாற்காலியை இழுத்து, தன் சட்டை நுனியாலேயே துடைத்தான்.

"என்ன அத்தான், அக்காவுக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல. அந்தச் சிலந்தி விஷயம், அத ஒனக்கு யாரு சொன்னா?"

மச்சினனின் முகம் விளக்குப் போட்டது மாதிரி ஆனது. இரும்பு அலமாரியிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டை எடுத்து வந்தான். வேலைக்குச் சேரும்போது கொடுத்த பதினாறு நாள் பயிற்சியின் குறிப்பு. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஓரத்தில் கோடு கிழித்து, சிவப்பில் தலைப்பு எழுதி, சிலந்தியைக் கால் எண்ணி எட்டும் சரியாக வரைந்திருந்தான். இரத்தம், செம்பு, நீலம். பக்கத்தில் அம்புக்குறி.

"தேளும் இந்தக் கூட்டந்தான்," என்று பக்கத்தைப் புரட்டினான். "புற ஊதா விளக்கு அடிச்சா பச்சையா மின்னும்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா? நாங்க அப்படித்தான் தேடிப் புடிப்போம். எறும்புக்கு நுரையீரல் கிடையாது, இந்தா, இங்க இருக்கு."

தேளும் எறும்பும் கேள்விக்காரருடைய அட்டைகளில் இருந்தன. இரண்டும் மூன்றாவது பொய்யாக. மேகத்தையும் நிலாவையும் பற்றிப் பேசும்போது இவன் வடிகட்டிய முட்டாள். பூச்சியைப் பற்றிப் பேசும்போது அது இவன் தொழில். இந்த வித்தியாசம் ஆறு வருடமாகத் தன் புத்தியில் ஏறவில்லை என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் கண்டுபிடித்தார். அந்த நிமிடம்கூட அவனை மதிக்கத் தோன்றவில்லை. கோபம்தான் வந்தது. முட்டாளாக இருக்கிறவன் முழுசாக இருந்து தொலைக்க வேண்டியதுதானே?

"நான் பேசறத நீங்க குறிச்சு வச்சுக்குவீங்கன்னு அக்கா சொல்லுச்சு," என்றான் மச்சினன். குரலில் வெட்கம். "ஒங்களுக்கு ஒபயோகமா இருந்தா அது போதும் அத்தான்."

கேள்விக்காரர் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

வியாழக்கிழமை அவர் வெறுங்கையோடு போனார். தயாரிப்பாளர் அம்மா வெறுங்கையோடு இல்லை. பல்லழகருக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதிக் கொடுத்த காகிதம் மேஜையில் தயாராகக் கிடந்தது. சிலந்தியின் இரத்தம் சாதாரணப் பார்வைக்கு நிறமற்றதுபோல் தோன்றும் என்று கருத இடமுண்டு. அவ்வளவுதான். கீழே கேள்விக்காரர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"போட்டுடுங்க. நாளைக்குக் காலையிலயே அந்த ரூமுக்கு மாறிக்கலாம்," என்றார் அம்மா.

"அந்தப் பொம்பள மறுபடியும் எழுதினா?"

"ஒட்டுற வேல பாக்கற பொம்பள. அவ பேச்ச எவன் கேக்கப் போறான்?"

பேனாவை எடுத்துவிட்டார். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் மூடியையும் கழற்றிவிட்டார். ஆனால் காகிதத்தைப் படித்தது தப்பாகப் போயிற்று. நான்கு வரியில் இரண்டு எழுத்துப் பிழை. "கருத இடமுண்டு" என்று எழுதியிருக்கிறான், எவன் கருதுவது, எங்கே இடம்? நூலகத்துக்குப் போகிற எந்த ஆடும் ஒரு பக்கத்தைப் பிரித்து இதைக் கிழித்துவிடும். இந்தக் குப்பைக்கு அடியில் தன் கையெழுத்தா? பல்லழகர் வாங்கி வந்த காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அந்த நாற்காலியில் ஏறுவதா? மனசாட்சி விழித்துக்கொண்டது என்று யாரும் அவசரப்பட்டு மாலை கட்ட வேண்டாம். எதிரில் இருந்தவர்கள்மேல் வந்த அருவருப்பு, நாற்காலிமேல் இருந்த ஆசையைவிட ஒரு பிடி அதிகமாக இருந்தது. அவ்வளவே.

"இது தப்பு மேடம்."

"எது?"

"இந்தப் பேப்பர். என் அட்டையும் தப்பு. அந்தம்மா சொன்னதுதான் சரி."

தயாரிப்பாளர் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சிலந்தின்னு போடச் சொன்னது யாரு?"

"என் மச்சினன்."

"அவரு என்ன, பேராசிரியரா?"

"பூச்சி மருந்து அடிக்கறவன்." பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததையும் சொன்னார். "அவன் சரியாத்தான் சொன்னான். நாந்தான் கேக்கல. இன்னும் ரெண்டு அட்டை இருக்கு, தேள் ஒண்ணு, எறும்பு ஒண்ணு. அதையும் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க."

"ஒங்களுக்கென்ன பைத்தியமா?"

"நாளைக்கு எவனாவது கண்டுபிடிச்சு என் பேரச் சொல்றதுக்கு முன்னால நானே சொல்லிடறேன்."

வெள்ளிக்கிழமை காலை கதவு வைத்த அறைக்குள் அத்தாட்சி அம்மாவின் ஹெட்போன் போனது. அதற்குள்ளிருந்து வந்த முதல் உத்தரவு, அட்டை எழுதியவரே போட்டியாளருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்பது. அந்த விதியும் சுவரில் ஒட்டியிருந்தது. இத்தனை வருடமாக அதை யாரும் படித்ததில்லை.

கேள்விக்காரர் எண்களை அழுத்தினார். மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம்.

"வினாடி வினாவுலேருந்து பேசறேங்க. ஒங்க விடை சரின்னு முடிவாயிருக்கு. செவ்வாய்க்கிழமை வந்தீங்கன்னா பன்னெண்டாவது கேள்வியிலேருந்து தொடரலாம்."

"எனக்குத் தெரியும் சரின்னு. அது ஏன் ஒங்களுக்குத் தெரியல?"

அவர் ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"அந்தக் கேள்விய எழுதினது யாரு?" என்றார் அந்த அம்மாள்.

பொய் சொல்வதற்கு நல்ல இடம். தவறான விடைகள் மூன்றும் நாக்கு நுனியில் வந்து நின்றன.

"நாந்தாங்க."

"நீங்களா? படிச்சவரா நீங்க?"

"படிச்சிருக்கேன்."

"முழுப் புத்தகமா?"

"ஆமாங்க, முழுசாத்தான்."

"ம்," என்றார் அவர். பசை டப்பாவை மூடுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. "செவ்வாய்க்கிழமை வர்றேன். நீங்க எழுதின கேள்வி இன்னும் பாக்கி இருந்தா மாத்தி வையுங்க, திரும்பத் திரும்ப லீவு போட எனக்கு முடியாது."