டாக்டரம்மா கேட்ட மருந்து, மதினி சொன்ன மருந்து

இதை எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். என் எழுத்துப் பிழையைப் பார்த்து நீங்கள் சிரிக்க, நான் எதற்கு மெனக்கெட வேண்டும்? அதுவும் போக, ஊரையே கிண்டல் பண்ணித் திரிகிறவன் திடீரென்று உருக்கமாக எழுதினால் எங்கள் தெருவில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அண்ணன் மனைவி, என் மதினிதான் விடவில்லை. "எழுதுலே. ஆனா என் பேரப் போட்ட, தொலைச்சிருவேன்" என்றார். பேர் போடவில்லை மதினி, நிம்மதியாக இருங்கள்.

நடந்தது போன தீபாவளி சீசன் முடிந்த கையோடு, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில். எங்களுக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம். நான் பட்டாசு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறேன். அண்ணன் பட்டாசு லோடு லாரியில் வடக்கே போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அதனால் மதினியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, கூட்டி வருவது எல்லாம் நான்தான்.

மதினிக்கு மார்பில் கட்டி. அதை எவ்வளவு நாள் மறைத்து வைத்திருந்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. வலி பொறுக்க முடியாமல் வெளியே சொன்னபோதுகூட 'நெஞ்சுல சளி' என்றுதான் சொன்னார். டெஸ்ட் எடுத்துப் பார்த்து, புற்றுநோய் என்று சொல்லி, முதலில் ஊசி போட்டுக் கட்டியைச் சுருக்கி, அப்புறம் ஆபரேஷன் என்று டாக்டரம்மா முடிவு செய்தார். ஊசி என்றால் சட்டென்று குத்தி முடிப்பது இல்லை. பாட்டிலில் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். இரண்டாவது ஊசிக்குள் முடி மொத்தமும் போய்விட்டது. கேட்டவர்களிடமெல்லாம் "இருக்கன்குடி ஆத்தாளுக்கு வேண்டுதல்" என்றார் மதினி.

"ஆத்தா மூணு கொத்துப் பூமுடிதான கேட்டிருப்பா? நீங்க என்ன மொத்தமா குடுத்துட்டு வந்துட்டீக?" என்பேன் நான்.

"வாயக் கழுவுலே, நாறுது" என்பார். சிரிப்பார். எனக்கு அது போதும். எங்களுக்குள் எப்போதுமே இப்படித்தான்.

ஆனால் ஊசி போட்டு வந்த பிறகு வரும் நாட்களில் என் கிண்டல் எதுவும் செல்லுபடியாகாது. சோற்று வாசனை பட்டாலே ஓடிப்போய் வாந்தி எடுப்பார். கை கால் எல்லாம் எரிகிறது என்பார். சுவரைப் பார்த்துப் படுத்தே கிடப்பார். அப்படி ஒரு நாளில்தான் எங்கள் வேனில் வருகிற ஓர் அக்கா, ஒரு நாட்டு வைத்தியரின் பொடியைப் பற்றிச் சொன்னார். அவருக்குத் தெரிந்த யாரோ ஒருத்திக்கு அந்தப் பொடியில் கட்டி கரைந்தே போனதாம். அந்த யாரோ ஒருத்தியை யாரும் பார்த்ததில்லை.

மதினி அந்த அக்காவோடு போய்ப் பொடி வாங்கி வந்தார். காலையும் மாலையும் வெந்நீரில் கலக்கிக் குடித்தார். நான் பார்த்துவிட்டேன். "ஒங்க அண்ணன்கிட்ட சொன்ன, சோத்துல கை வைக்க முடியாது" என்று மிரட்டினார். உண்மையைச் சொன்னால், பொடி குடிக்க ஆரம்பித்ததும் அவர் இரண்டு வாய் சாப்பிட்டார். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. எனக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த ஊசிக்குப் போகும்போது வேனிலேயே சொல்லிவிட்டார். "இதான் கடைசி. இதுக்கு மேல என்னால முடியாது. பொடியே போதும் எனக்கு."

வழக்கமாக ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அன்றைக்கு ரிசல்ட்டைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"ஈரல் டெஸ்ட் சரியா இல்லம்மா. இன்னிக்கு ஊசி போட முடியாது. வேற மருந்து எதுவும் எடுக்குறீங்களா?"

"இல்லீங்க டாக்டரம்மா. ஊசி ஆரம்பிச்சதுல இருந்து மருந்தத் தொடவே இல்ல."

"அப்ப அதுக்கு முன்னாடி எடுத்தீங்களா?"

"ஆமா. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே மருந்துதான். காலையில உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் மருந்துதான்."

டாக்டரம்மாவின் பேனா அப்படியே நின்றது. "நாள் முழுக்கவா? யாரு குடுத்தா?"

"போர்மேன் குடுப்பாரு. அளந்துதான் குடுப்பாரு, கூட ஒரு துளி தர மாட்டாரு."

நான் கெக்கேபிக்கே என்று சிரித்துவிட்டேன். எங்கள் பக்கம் மருந்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெடிமருந்துதான். காய்ச்சலுக்குப் போடுவது மாத்திரை. குத்துவது ஊசி. 'அவ மருந்துல இருக்கா' என்று யாராவது சொன்னால் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தமில்லை. பட்டாசுக்குள் வெடிமருந்து அடைக்கும் அறையில் வேலை பார்க்கிறாள் என்று அர்த்தம். மதினிக்கு அந்த அறையில்தான் வேலை. உடம்புக்கு முடியாமல் போனதிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை. அதைத்தான் சொன்னார்.

நான் விளக்கியதும் டாக்டரம்மாவும் சிரித்தார். நர்ஸும் சிரித்தார். "சரி, அப்ப வேற எதுவும் எடுக்கல" என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா எழுதக் குனிந்தார்.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு தடவையும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். பொடி குடித்துக்கொண்டிருக்கும்போதும் மதினி இல்லை என்றுதான் சொன்னார். பொய்யும் சொல்லவில்லை. வெடிக்கிறதுதான் அவருக்கு மருந்து. இலையும் வேரும் இடித்த பொடி மருந்துக் கணக்கிலேயே வராது.

மதினி என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தால் கொன்றுவிடுவேன் என்ற பார்வை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"டாக்டரம்மா, மருந்துன்னு கேக்காதீக. பொடின்னு கேளுங்க."

பிறகு மதினி பையைத் திறந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். டாக்டரம்மா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. திறந்து மோந்து பார்த்தார். இதில் என்னவெல்லாம் இருக்கிறது என்று கேட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"இதனாலதான் ஈரல் கெட்டுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஊசியாலயும் இப்படி ஆகும். ரெண்டும் உள்ள போனா எது செஞ்ச வேலைன்னு எனக்குத் தெரியாதும்மா. தெரியாம அடுத்த ஊசிய எப்படிப் போடுவேன்? குழம்புல மஞ்சள் போடுங்க, பூண்டு போடுங்க, கீரை சாப்பிடுங்க. இந்தப் பொடிய மட்டும் இப்ப நிறுத்துங்க."

மதினிக்குக் கண் கலங்கிவிட்டது. "இதக் குடிச்சாத்தான் எனக்குச் சோறு இறங்குது. ஒங்க ஊசி போட்டா பச்சத்தண்ணி கூட வயித்துல நிக்க மாட்டேங்குது."

"அத எங்கிட்ட சொல்லவே இல்லையேம்மா? வாந்திக்கு, பசிக்கு எல்லாத்துக்கும் மாத்திரை இருக்கே. மாத்தி எழுதித் தர்றேன்."

திரும்பும்போது மதினி என் பக்கத்து சீட்டில் உட்காரவில்லை. கடைசி சீட்டுக்குப் போய்விட்டார். அவ்வளவு பெரிய வேனில் நாங்கள் இரண்டே பேர், ஆளுக்கொரு மூலையில்.

"கொழுந்தன்னு நம்பி வந்தா காட்டிக் குடுக்கான் எடுபட்ட பய" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கொஞ்ச தூரம் போனதும், "ஊசி வேணாம்னு என் ஈரலே சொல்லிருச்சு. இனி நான் வர மாட்டேன். ஒங்க அண்ணன் வந்து காலப் புடிச்சாலும் வர மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி குத்தலாகப் பேசுவதுதான்.

"சரி, வராதீக. பொடியவே குடிங்க. ஆனா போற வழியில அந்த வைத்தியர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிருவோம். கட்டி எம்புட்டு நாள்ல கரையும்னு அவரே சொல்லட்டும்."

கண்ணாடியில் பார்த்தேன். மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவருக்குத் தெரியாதுலே."

"எது தெரியாது?"

"எனக்குக் கட்டி இருக்கது."

வண்டியை ஓரம் கட்டினேன். மெதுவாகச் சொன்னார். அங்கே ஒரே கூட்டமாம். வைத்தியர், எல்லார் முன்னாலும் வைத்து, என்ன செய்கிறது என்று கேட்டாராம்.

"ஆம்பளைகிட்ட எப்படிலே சொல்ல, இங்கனன்னு? பசிக்கல, அசதியா இருக்குன்னு சொன்னேன். பொடி குடுத்தாரு."

சொல்லி முடித்ததும் அவரே சட்டென்று நிமிர்ந்தார். நானும் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன்.

"பசி வரணும்னு கேட்டேன்" என்றார் மதினி. "பசிதாம்லே வந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே அழுதார்.

அப்புறம் அவரே எழுந்து வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். "வண்டிய அங்க விடு" என்றார். வைத்தியரின் வாசலில் அன்றைக்கும் ஆட்கள் இருந்தார்கள். மதினி நேராக உள்ளே போய், "எனக்கு மார்ல கட்டி. கேன்சர்னு சொல்லி ஊசி போடுறாக. அன்னைக்கு உங்ககிட்ட மறைச்சுட்டேன்" என்றார். சத்தமாகத்தான் சொன்னார். வாசலில் நின்ற எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

வைத்தியர் பதறி எழுந்தார். "ஏந்தாயி, இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் இத உன் கையில குடுத்திருப்பேனா? இது வயித்துக்குத் தாற பொடி. கட்டிக்கு எங்கிட்ட வைத்தியம் கிடையாது. மொதல்ல ஊசிய முடிச்சுட்டு வா" என்று டப்பாவைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார்.

பொடியை நிறுத்தி, கொஞ்ச நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஈரல் தேறியிருந்தது. ஊசி தொடர்ந்தது. புது மாத்திரையில் வாந்தி குறைந்தது. முழுக்க நிற்கவில்லை, குறைந்தது. ஆபரேஷனும் முடிந்து, இப்போது மாத்திரையும் டெஸ்ட்டுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாம் போய்விட்டது என்று டாக்டரம்மா இன்னும் வாய் திறந்து சொல்லவில்லை. நாங்களும் துருவிக் கேட்பதில்லை.

மதினி திரும்ப வேலைக்கு வருகிறார், பெட்டி ஒட்டும் பக்கம். வேனில் ஏறியதும் பொம்பளைகளைப் பார்த்து, "ஏளா, குளிக்கும்போது மார்ல கட்டி கிட்டி தட்டுப்படுதான்னு தடவிப் பாக்கீகளா?" என்று ஆரம்பித்துவிடுவார். டிரைவர் சீட்டில் ஆண்பிள்ளை ஒருத்தன் இருக்கிறானே என்ற எண்ணமே கிடையாது. நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவேன். "கொழுந்தனாருக்கு வெக்கத்தப் பாரு" என்று வேனே சிரிக்கும்.

எந்த மருந்து உசத்தி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. டாக்டரம்மாவுக்குப் பொடியைப் பற்றித் தெரியவில்லை, வைத்தியருக்குக் கட்டியைப் பற்றித் தெரியவில்லை. இரண்டும் தெரிந்த மதினி வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டு, நடுவில் கிடந்து செத்திருப்பார்.

எழுதி முடித்ததைப் படம் பிடித்து, அச்சாபீசில் வேலை பார்க்கும் என் சிநேகிதனுக்கு அனுப்பினேன். பிழை இருந்தால் சொல்லு என்றேன். எதை அனுப்பினாலும் கேலி பண்ணுகிறவன் ரொம்ப நேரம் கழித்து ஒரு வரிதான் பதில் போட்டான்:

"எங்கம்மாவும் கொஞ்ச நாளா ஒரு பொடி குடிக்கிறா, எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறா, நாளைக்கு உங்க மதினியக் கூட்டிட்டு வீட்டுக்கு வாலே."