நெம்புப் பாட்டுக்காரர் பக்கிரிசாமி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே தொழிலாளர் லயத்தில் பக்கிரிசாமி தும்மினால் சில மைல் தள்ளி சாலாக் செலாத்தானில் சேவல் விழித்துக் கூவும் என்பார்கள். நான் அவ்வளவு கூட்டிச் சொல்லமாட்டேன். பாதி வழியில் இருந்த சேவல்கள் மட்டும்தான் கூவின.

அந்தக் குரல்தான் அவருக்கு வேலை. தண்டவாளத்தை நகர்த்த ஆட்கள் கடப்பாரையோடு வரிசையாக நிற்பார்கள். பக்கிரிசாமி வெறுங்கையோடு ஓரமாக நின்று, “நெம்பு ராசா நெம்பு!” என்று எடுத்துக் கொடுப்பார். “ஐலசா!” என்று எல்லாரும் ஒரே மூச்சில் நெம்ப, இரும்பு ஒரு விரற்கடை நகரும். பாட்டு பிசகினால் யாருடைய காலாவது நசுங்கும். அதனால் பாட்டுக்காரர் கடப்பாரையைத் தொடுவதே இல்லை. அது அவருக்கிருந்த மரியாதை.

1927இல் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது குரலையும் கூட்டிக்கொண்டு போயிற்று. வாயைத் திறந்தால் கொல்லன் துருத்திபோல வெறும் காற்று. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார்.

“உள்ளே ரெண்டு நாண் இருக்கு. ஒண்ணு செத்த மாதிரி கிடக்கு. எழுந்தாலும் எழும், எழாமலும் போகும். மருந்து கிடையாது.”

மண்டோர் தம்புசாமிதான் தண்டவாள ஆட்களுக்கெல்லாம் மேலாள். பாட்டை இளைஞன் ரெங்கசாமியிடம் கொடுத்துவிட்டு, “குரல் வரட்டும், உன் இடம் உனக்குத்தான்” என்றார்.

பக்கிரிசாமி தாடியும் திருநீறுமாக வாசலில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அதுதான் வினையாயிற்று. மௌனச்சாமி வந்திருக்கிறார் என்று கிள்ளான்வரை செய்தி போய், பெண்கள் பாலும் பழமுமாக வந்து காலில் விழுந்தார்கள். இல்லை இல்லை என்று அவர் கையை ஆட்டினார். ஆசீர்வாதம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“சாமியுமில்ல, பூதமுமில்ல! காய்ச்சல் கண்ட மனுசன்!” என்று அவர் மனைவி பவுனம்மாள் கத்தினாள்.

“பெரியவங்க இப்படித்தான் மறைச்சு வைப்பாங்க, அக்கா” என்றாள் வந்தவர்களில் ஒருத்தி.

ரவாங் ஈயச் சுரங்கத்துக்குப் போன புருசன் திரும்பாத புஷ்பவல்லி மட்டும் நாள் தவறாமல் வந்தாள். “உசுரோட இருக்காரா சாமி?” ஒருநாள் அவள் அழுத அழுகையில் அவர் தொண்டை நரம்பு புடைக்க முக்கினார். பூனைக்குட்டி முனகுவதுபோல ஒன்று வெளியே வந்தது.

“எனக்குத் தெரியாதும்மா.”

“ஐயோ, பேசிட்டீங்களே சாமி! விரதம் போச்சே!” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பக்தர்களும் அன்றோடு நின்றார்கள்.

அவருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. குரல் வந்துவிட்டதே! மறுநாள் காலையில் சவரம் செய்துகொண்டு தண்டவாளத்துக்கு ஓடினார். மண்டோர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஓரத்தில் நிற்க வைத்தார்.

“நெம்பு ராசா நெம்பு!”

அருகில் நின்ற மூன்று பேர் நெம்பினார்கள். மற்றவர்கள், “ஆரம்பிச்சாச்சா?” என்று எட்டிப் பார்த்தார்கள். இரும்பு சறுக்கி, வரிசைக் கடைசியில் நின்ற நாகையாவின் கால் நகத்தைப் பெயர்த்தது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“ரெங்கசாமி, நீ எடு” என்றார் மண்டோர், பக்கிரிசாமியின் முகத்தைப் பார்க்காமல்.

பக்கிரிசாமி கீழே கிடந்த கடப்பாரை ஒன்றை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்கு, நொண்டிக்கொண்டிருந்த நாகையாவின் பக்கத்தில் போய் நின்றார். ரெங்கசாமி பாடினான். எல்லாரோடும் சேர்ந்து அவரும் “ஐலசா” என்றார்.

“என் சத்தம் கேக்குதாடா?” என்று நாகையாவைக் கேட்டார்.

“எனக்குக் கேக்குதுண்ணே. பேசாம நெம்புங்க.”