டேப்பக்காவின் பதினாறு தட்டு

என் நாத்தனாரைப் பார்சல் கிடங்கில் எல்லோரும் டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளியும் அப்படித்தான். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கும். அதைப் பார்த்தால் அவளுக்கே யாரோ என்று தோன்றுமாம். வயது நாற்பத்தொன்பது. கல்யாணம் வேண்டாம் என்று இருபத்தைந்து வயதில் சொன்னாள், சொன்ன சொல்லில் நின்றாள். எங்கள் வீட்டு மாடி அறைதான் அவளுக்கு. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. அவளோடு ஒருநாளும் மனஸ்தாபம் வந்ததில்லை என்று சொன்னால் கடவுளுக்கே அடுக்காது. மூணேகால் விஷயத்தில் நிறைய வந்திருக்கிறது.

மூணேகால் என்பது ஒரு பாட்டுக் குழு. மூன்று பேர் முழு நேரமும் பாடுவார்கள், வாசிப்பார்கள். நான்காவது ஆள் மேடை ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஒரு பாட்டுக்கு ஒரு தடவைதான் எழுந்திருப்பார். காலடியில் இருக்கும் அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு பித்தளைக் குழலை எடுத்து, "பாம்" என்று ஒரே ஒரு ஊது ஊதுவார். குழலைப் பெட்டியில் வைத்துவிட்டு மறுபடியும் பேப்பருக்குள் போய்விடுவார். மூன்று பேர் முழுசு, அவர் கால்வாசி. அதனால் மூணேகால். அவரை எல்லோரும் கால் ஐயா என்பார்கள். முப்பத்தொரு வருஷமாக அவருக்கு இதே வேலை. மேடையில் அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

பாட்டுகளும் அப்படித்தான். ஆடுகிற நாற்காலியைப் பற்றி ஒரு பாட்டு. தலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டே வீடெல்லாம் கண்ணாடி தேடுகிறவரைப் பற்றி ஒன்று. நிற்காத விக்கலைப் பற்றி ஒன்று. காலையில் நான் கீழே கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்யும்போது, மேலே அந்த விக்கல் பாட்டு ஓடும். "கடவுளே, அவளுக்கு நல்ல புத்தி கொடு" என்று வேண்டிக்கொள்வேன். கொஞ்ச நாளில் நான் வீடு பெருக்கும்போது என் வாயிலேயே விக்கல் பாட்டு வர ஆரம்பித்தது. நான் வேண்டியது விலாசம் மாறி எனக்கே திரும்பி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. "கடை திறந்திருக்கா" என்று அவர்களுக்கு ஒரு பாட்டு உண்டு. அதன் நடுவில் மூன்று பேரும் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். பதினாறு தாளத் தட்டுக்கு வாத்தியமும் இல்லை, பாட்டும் இல்லை. அந்த இடம் கூட்டத்தில் ஒருவருக்கு. அவர் மேடையேறித் தன் வேலை எப்படிச் சத்தம் போடுமோ அந்தச் சத்தத்தை அங்கே போட வேண்டும். பால்காரர் கேனைத் தட்டினார், தச்சர் இழைப்புளி ஓட்டினார் என்றெல்லாம் சொல்வாள். ஓர் ஊரில் பல் டாக்டர் ஒருவர் மெஷினோடு வந்துவிட்டாராம். பாதிக் கூட்டம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டதாம். பதினாறு முடிந்ததும் பதினேழாவது தட்டில் கால் ஐயா "பாம்" என்று ஊதுவார், பாட்டு மறுபடியும் ஓடும்.

அந்தப் பதினாறு தட்டு ஒரு தடவை தனக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. ஒன்பது தடவை போயிருக்கிறாள். அச்சகத்தில் வேலை பார்த்தபோது ஸ்டேப்லரைத் தூக்கிக் காட்டினாள். பாட்டில் கம்பெனியில் இருந்தபோது மூடி போடுகிற கருவியைத் தூக்கிக் காட்டினாள். ஒன்பது தடவையும் வேறு யாரையோ கூப்பிட்டார்கள்.

பார்சல் கிடங்குக்கு வந்த பிறகுதான் தனக்கேற்ற சத்தம் கிடைத்தது என்று சொன்னாள். பெட்டி ஒட்டுகிற பிரவுன் டேப்பை இழுத்தால் கிர்ர்ர் என்று ஒரு சத்தம் வருமே, அது. பெட்டி அவள் முன்னால் வந்து நின்றால் போதும். நான்கு மடிப்பையும் மூடி, நடுவில் ஒரு இழுப்பு, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு இழுப்பு, உள்ளங்கையால் மேலே இரண்டு அடி, பெட்டி கிளம்பிவிடும். ஒரு பெட்டிக்குச் சரியாகப் பதினாறு தட்டு. பாட்டை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே ஒட்டி ஒட்டிக் கையை அப்படிப் பழக்கி வைத்திருந்தாள்.

இந்த வருஷம் அந்தக் குழு அறிவித்தது: முட்டி வலிக்கிறது, முதுகு வலிக்கிறது, எல்லா ஊருக்கும் ஒரு தடவை வந்து சொல்லிக்கொண்டு போகிறோம், அதோடு முடிந்தது. எங்கள் ஊருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு.

அறிவிப்பு வந்த அன்று அவள் இரண்டு நாள் சாப்பிடாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தாள்.

"அண்ணி, ரெண்டு சீட்டு வாங்கிட்டேன். நீங்க வரணும்."

"எனக்கெதுக்குடி அந்தக் கூத்து? உங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போ."

"அவன் வந்தா நாலாவது பாட்டுல தூங்கிடுவான். குறட்டைக்கு யாராவது பதினாறு தட்டு குடுத்துடுவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடங்குத் தோழி ஒருத்தி புது டேப் உருளை இரண்டு கொண்டுவந்து கொடுத்தாள். "மேடையில நல்லா ஒட்டு. நம்ம மேனேஜர் வாயை ஒட்டறதா நினைச்சுக்கோ, கை தானா வரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். டேப்பக்கா இடது கைச் சட்டையைக் கால்வாசி மட்டும் மடித்துவிட்டுக்கொண்டாள். மூணேகால் ரசிகர்கள் எல்லோரும் அப்படித்தான் மடிப்பார்களாம். என் கையையும் பிடித்து மடித்துவிட்டாள்.

வாசலில் காவலாளி பையைத் திறந்தார். டேப்பை மாட்டி இழுக்கிற கைப்பிடிக் கருவியைத் தூக்கிப் பார்த்தார். அதன் முனையில் டேப்பை அறுக்க இரும்புப் பல் இருக்கும்.

"இது உள்ள போகாதுங்க. பல் இருக்கு."

"எனக்கும்தான் பல் இருக்கு. என்னையும் விட மாட்டீங்களா?"

அவர் சிரித்தார். ஆனாலும் விடவில்லை. கருவியை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சீட்டெழுதிக் கொடுத்தார். வெறும் உருளையை மட்டும் கொண்டுபோகலாம் என்றார். அவள் உருளையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கண் கலங்கியிருந்தது.

"கையாலேயே இழுக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"இழுக்கலாம் அண்ணி. அது வேற மாதிரி கத்தும். எனக்குக் கருவியிலதான் கை பழகியிருக்கு."

இவ்வளவு ஆசையை ஒரு வாசல் பிடுங்கிக்கொள்ளக் கூடாது கடவுளே என்று நான் உள்ளே போகும்போதே வேண்டிக்கொண்டேன்.

உள்ளே இரண்டாயிரம் பேராவது இருப்பார்கள். அத்தனை பேரும் இடது கையை மடித்திருந்தார்கள். நரைத்தவர்கள், பேரப்பிள்ளைகளைத் தூக்கி வந்தவர்கள், ஆபீஸ் உடுப்போடு வந்தவர்கள் எல்லோரும் கலந்திருந்தார்கள். எங்களுக்கு இருபதாவது வரிசை. விளக்கு வந்தது. முதலில் மேடைக்கு வந்தது பாடகர் இல்லை, அந்த அட்டைப்பெட்டி. கால் ஐயா அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். மண்டபம் மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது. ஒரு அட்டைப்பெட்டிக்கு இவ்வளவு மரியாதையா என்று யோசிப்பதற்குள் பார்த்தால் நானும் நின்றுகொண்டிருந்தேன்.

முதல் பாட்டில் அவர் எழுந்து "பாம்" என்றபோது என் மயிர்க்கால் எல்லாம் சிலிர்த்தது. பொய் சொல்லவில்லை. இருபத்தேழு வருஷமாகக் கூரை வழியாகக் கேட்டது வேறு, இது வேறு. விக்கல் பாட்டு வந்தபோது முன்சீட்டு வழுக்கைத்தலைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் ஒரு சொல் விடாமல் பாடிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் "கடை திறந்திருக்கா" ஆரம்பித்தது. பாடகரை நெட்டையர் என்பார்கள்; ஆள் கொடிக்கம்பம் மாதிரி. பாதியில் கையை நெற்றியில் வைத்து எங்களைப் பார்த்தார்.

"இன்னிக்கு யாரு கடை திறக்கப்போறாங்க?"

அவ்வளவுதான். மணி, விசில், சுத்தியல், சாப்பாட்டுத் தட்டு, ஒருவர் கையில் குக்கர் மூடி. மண்டபம் பூராவும் கைகள். டேப்பக்கா எழுந்து நின்று உருளையைத் தூக்கிக் காட்டினாள். இருபதாவது வரிசையில் ஒரு உருளை யார் கண்ணுக்குத் தெரியும்? முன்வரிசையில் ஒருவர் பெரிய மணியை ஆட்டினார். நெட்டையர் அந்தப் பக்கம் கை நீட்டப் போனார்.

"அண்ணி, இந்த முனையைப் பிடிங்க. பிடிச்சுக்கிட்டு அப்படியே போங்க."

"எங்கடி போறது?"

"வரிசை முடியற வரைக்கும். வேகமா."

நான் போனேன். எத்தனை பேர் காலை மிதித்தேனோ, கடவுள் மன்னிக்க வேண்டும். என் பின்னாலேயே டேப் வந்தது. கருவியில் மாட்டாத டேப் அப்படிக் கத்தும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. கிர்ர்ர்ரீச் என்று வரிசை நீளத்துக்கும் ஒரே இழுப்பு. இருபது பேர் தலைக்கு மேல் பிரவுன் நாடா விளக்கில் மின்னியது. மணிக்காரர் மணியை நிறுத்திவிட்டார். மண்டபமே திரும்பியது.

நெட்டையர் காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். "அது என்ன பிராணி?"

"பார்சல்" என்று கத்தினாள் என் நாத்தனார்.

"வாங்க பார்சல். சீக்கிரம் வாங்க, எங்களுக்கு வயசாகுது."

அவள் டேப்பை அறுத்துவிட்டு உருளையோடு ஓடினாள். என் கையில் ஒட்டிய டேப் முன்சீட்டு வழுக்கைத்தலைக்காரர் தலையிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. "மன்னிச்சுக்கோங்க ஐயா" என்றேன். "எடுக்காதீங்கம்மா, இருக்கட்டும்" என்றார் அவர், மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மேடையில் அவள் சின்னதாகத் தெரிந்தாள். ஒருவர் வந்து அவள் பக்கத்தில் மைக்கைத் தாழ்த்தி வைத்தார். பாட்டு ஓடியது. பாட்டு நின்றது. நான் விரலை மடித்து எண்ண ஆரம்பித்தேன்.

முதல் தட்டில் அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். டேப் இருக்கிறது, ஒட்டுவதற்குப் பெட்டி வேண்டும். அவள் கைக்குப் பெட்டி இல்லாமல் வேலை தெரியாது. பெட்டி ஒன்று இருந்தது. கால் ஐயாவின் காலடியில், வாயைத் திறந்துகொண்டு. இரண்டாவது தட்டில் அதன் முன்னால் மண்டியிட்டுவிட்டாள். மூன்று, நான்கு, மடிப்பெல்லாம் மூடியாகிவிட்டது. கிர்ர்ர்ரீச் என்று நடுவில் ஒரு இழுப்பு. பல் இல்லாத குறையே தெரியவில்லை. கட்டைவிரலை ஒரு சொடுக்குச் சொடுக்கி அறுத்தாள். இந்த ஓரம் ஒரு இழுப்பு. அந்த ஓரம் ஒரு இழுப்பு. பதினைந்திலும் பதினாறிலும் உள்ளங்கையால் டொப், டொப்.

ஒரு இம்மிகூடத் தவறவில்லை. மண்டபம் ஆர்ப்பரிக்க வாயைத் திறந்தது.

பதினேழாவது தட்டில்தான் கால் ஐயா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி எழுந்தார். ஒரு தட்டு முன்னால் எழுந்து பழக்கமில்லாதவர். குனிந்தார். பெட்டியைப் பார்த்தார். குழல் உள்ளே இருந்தது.

"பாம்" வரவில்லை. மூன்று பேரும் வாத்தியத்தைத் தூக்கியபடி நின்றார்கள். என் நாத்தனார் நிமிர்ந்து அவர் வெறுங்கையைப் பார்த்தாள், தன் பெட்டியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது எனக்கு இருபதாவது வரிசையிலிருந்தே தெரிந்தது. அப்படியே விழுந்து நகத்தால் டேப்பின் முனையைத் தேடினாள். அவள் ஒட்டினால் முனை கிடைக்காது. நகம் அட்டையைச் சுரண்டுகிற சத்தம் மைக்கில் கேட்டது. முப்பத்தொரு வருஷ வழக்கம், கடைசித் தடவை, இவளால் கெட்டது என்று ஆகிவிடுமே.

கால் ஐயா பேப்பரை மடித்து நாற்காலியில் வைத்தார். மேடையின் முன்பக்கத்துக்கு நடந்து வந்தார். எங்களைப் பார்த்து அவர் நின்று யாரும் கண்டதில்லை. இரண்டு கையையும் மெல்ல மேலே தூக்கினார். ஓங்கிக் கீழே இறக்கினார்.

"பாம்."

இரண்டாயிரம் வாயும் ஒரே நேரத்தில். யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. முப்பத்தொரு வருஷமாக எல்லோர் தொண்டையிலும் அது காத்திருந்தது போல வந்தது. நானும் சொன்னேன். வழுக்கைத்தலைக்காரர் சொன்னார், தலையில் டேப்போடு. பாட்டு அந்த அடியில் சீறிக்கொண்டு கிளம்பியது, தரை அதிர்ந்தது, நான் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தோளைப் பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு முடிந்தபோது என் நாத்தனார் இன்னும் பெட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மைக்கை மறந்துவிட்டாள்.

"ஐயா, தெரியாம ஒட்டிட்டேன். கத்தி இருந்தா குடுங்க, அறுத்துக் குடுத்துடறேன்."

அவள் சொன்னது மண்டபம் பூராவும் கேட்டது. கால் ஐயா அவளுக்குப் பக்கத்தில் குனிந்தார். மைக் அவர் வாய்க்கு நேராக இருந்தது.

"வேண்டாம்மா. நல்லா ஒட்டியிருக்கீங்க. இன்னும் நாலு ஊர் இருக்கு, இப்படியே போகட்டும். ஊதறதை அவங்க பார்த்துக்குவாங்க."

அவர் குரல் இவ்வளவு மெலிசு என்று அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கு எழுந்த சத்தத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. மிச்சம் ஆறு பாட்டுக்கும் அவர் கையைத் தூக்க, நாங்கள்தான் ஊதினோம்.

வெளியே வந்தபோது இன்னும் வெயில் இருந்தது. காவலாளி கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நீங்கதானா பார்சல்?" என்று கேட்டார். பஸ் நிறுத்தம் வரைக்கும் போகிறவர் வருகிறவர் எல்லாம் அவளைப் பார்த்து "பாம்" என்றார்கள். அவள் எல்லோருக்கும் கும்பிடு போட்டாள். முகம் சிவந்து, இருபது வயசுப் பெண் மாதிரி இருந்தாள்.

நிறுத்தத்தில் பெஞ்சில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி."

"சொல்லு."

"மேல்பக்கம்தான் நான் ஒட்டினேன். அடிப்பக்கம் யாரு ஒட்டினதோ. பழைய பெட்டி. நாலு ஊர் போகணும். அடி விட்டுச்சுன்னா என்ன பண்றது?"

நான் பஸ் வருகிற வரைக்கும் கண்ணை மூடி, அந்தப் பெட்டியின் அடிப்பக்கத்துக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொண்டேன்.