கை தூக்கும் அளவு

சித்தி போய்விட்டாள் என்று தகவல் வந்தபோது காலை ஆறு மணி. சித்தப்பாதான் போனில் பேசினார். "தூக்கத்துலயே..." என்றவர் மேற்கொண்டு சொல்லாமல் வைத்துவிட்டார். தூக்கமா? நான்கு மாதமாகச் சித்தி சரியாகத் தூங்கியதே இல்லை.

சீருடை தைக்கும் கம்பெனியில் போலீஸ் சட்டைகளுக்குக் கை பொருத்துவது அவள் வேலை. கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்குவதால் அங்கே அவள் பெயர் டேப் அக்கா. அக்குளில் ஒரு விரல் தளர்வு விட்டே தைப்பாள். நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவர்கள், கை தூக்க இதமாக இருக்கட்டுமே என்பாள்.

பிறகு, நான்கு மாதத்துக்கு முன், அந்த ஊர்வலம். குடியிருப்பை இடிக்காதே என்று போனவர்களைப் போலீஸ் தெருவில் போட்டு அடித்ததை டீவியில் காட்டினார்கள். சித்தி திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எவ்வளவு சுலபமா ஓங்குறான் பாருங்க. அக்குள்ல இழுக்கவே இல்ல."

"நீயா அடிச்சே? அப்படிப் பாத்தா வரி கட்டுற நானும்தான் அடிச்சேன்" என்றார் சித்தப்பா.

"ஆமா. நீங்களும்தான்."

"சரி வா, ரெண்டு பேரும் ஸ்டேஷன்ல போய் உக்காரலாம். அங்கயும் உன் சட்டைதான் வந்து கதவைத் திறக்கும்."

சித்தி சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் அவள் தைத்த சட்டைகள் மூட்டையாகத் திரும்பி வந்தன.

"என்னக்கா இது, கையைத் தூக்கினா பிடிக்குதாம்" என்றார் மேற்பார்வையாளர்.

"தெரியும் சார். தெரிஞ்சுதான் இறுக்கித் தைச்சேன்."

"டிராஃபிக்ல நிக்கிறவனும் இதைத்தானே போடுவான்? அவன் என்ன பாவம் பண்ணான்?"

வேலை போயிற்று. நான் போகும்போதெல்லாம் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே என்னைக் கேட்பாள்: "நீ படிச்சவ, சொல்லேன். பேசாம பிரிச்சுத் தைச்சுக் கொடுத்திருக்கணுமா?" நான் ஏதாவது சொல்ல ஆரம்பிப்பேன். பாதியிலேயே சமையலறைக்குள் போய்விடுவாள்.

கடைசியில், ஊர்வலத்தில் தோள் உடைந்த எலக்ட்ரீஷியன் ஒருவரின் வீட்டைத் தேடிப் போனாள். தான் யார் என்றும் சொன்னாளாம். அவர் மனைவி வெடுக்கென்று, "மன்னிப்பெல்லாம் எங்க வைக்கிறது? இவருக்குச் சட்டை மாட்ட முடியல. அதுக்கு வழி தெரிஞ்சா பண்ணுங்க" என்றாளாம்.

வந்ததும் துணி எடுத்தாள். கழுத்திலிருந்து கை நுனிவரை திறந்து மூடுகிற மாதிரி ஒரு சட்டை. அது இன்னும் மெஷின் மேலேயே கிடக்கிறது. காஜா எடுத்திருக்கிறாள். பொத்தான்கள் தைக்கவில்லை.