அவள் திருத்த நினைத்த அத்தியாயம்

என் மனைவி கல்லூரியில் தத்துவம் நடத்தியவள். ஓய்வு பெற்றதும் இருவரும் என் ஊரான ஜவ்வாது மலைக்கே வந்துவிட்டோம். இங்கே உட்கார்ந்து தமிழில் ஒரு புத்தகம் எழுதத் தொடங்கினாள். பழைய ஜெர்மன் தத்துவத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் எப்படி மாற்றிப் படித்தார்கள் என்பதைப் பற்றியது.

அவள் சொல்லி எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். இடமும் காலமும் வெளியே கிடப்பவை அல்ல. எதையும் பார்ப்பதற்கு முன்பே மனம் வைத்திருக்கும் சட்டகம், அது யாருக்கும் மாறாது என்றது ஜெர்மன் தரப்பு. பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர்கள் சிலர் சட்டகத்தை மறுக்கவில்லை. அதை உடம்புக்குள் இறக்கினார்கள். வாழ வாழ உருவாவது, அடிபட்டால் குலைவது என்றார்கள்.

"உடம்பு இன்னிக்கி ஒண்ணு, நாளைக்கி ஒண்ணு. அது மேல அறிவ நிறுத்தினா அப்புறம் எதத்தாங்க நம்பறது?" என்பாள். பிரெஞ்சுக்காரர்களைப் பற்றிய அத்தியாயத்தைக் கோபத்தோடுதான் முடித்தாள்.

ஒரு காலையில் குளியலறையில் விழுந்தாள். வேலூர் ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். பேச்சுக்குப் பழுதில்லை, இடது கை மட்டும் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் நாள் சாமைச்சோறு போட்டேன். தட்டின் வலப்பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றாள். இடப்பாதியில் சோறு அப்படியே இருந்தது. தட்டைத் திருப்பி வைத்தேன். எங்கிருந்து வந்தது என்பதுபோலப் பார்த்தாள். கண்ணில் குறையில்லை, மூளைக்குத்தான் இடப்பக்கம் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது என்று டாக்டர் விளக்கினார்.

அதை மறந்து ஒருநாள் அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் வாசலைப் பார்த்து, "இன்னாங்க, எங்க போய்ட்டீங்க?" என்று கூப்பிட்டாள். குரலில் பயம் இருந்தது. எழுந்து வலப்பக்கம் வந்தேன்.

"இங்கதாம்மா இருந்தேன். உன் கையப் புடிச்சிக்கினு."

வலது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "பாதி ஒலகம் போயிருக்கு. போனதே எனக்குத் தெரியல பாருங்க. அந்தப் பிரெஞ்சுக்காரங்க சொன்னதுதான் சரி" என்றாள்.

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?"

"அந்த அத்தியாயத்த மாத்தணும். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

அதற்குப் பிறகு தினமும் கொஞ்சம் சொன்னாள். உடம்பை நம்ப முடியாது என்று அவள் எழுதியிருந்த வரிகளை அடிக்கச் சொன்னாள். "இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. ஆனா இப்படியா தெரிஞ்சிக்கணும்" என்று ஒரு முறை அழுதாள்.

புளி உலுக்கும் மாதத்தில் இரண்டாம் முறை பக்கவாதம் வந்தது. ஆம்புலன்ஸ் மலை இறங்குவதற்குள் உயிர் போய்விட்டது.

பதிப்பாளர், முடிந்திருக்கும் பழைய அத்தியாயத்தையே போடலாமா என்று கேட்டார். புதியதைப் போடச் சொன்னேன், பாதியில் நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்றேன். புத்தகக் கட்டு வந்து அறையில் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை.